க-பாஷைக்கு ஒரு பைத்தான் நிரல்: நாட்குறிப்பு

மார்ச் 4

ஆங்கிலச் சிறுவர்களின் ரகசியப் பேச்சான பிக் லத்தீனுக்கு நிரல் எழுதுவது சுலபம். சொல்லின் முதலில் நிற்கும் மெய்களை வெட்டிக் கடைசியில் ஒட்டி, 'ஏ' சேர்த்தால் போதும்; அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு குறியெண்தான் (கணினி எழுத்தை அறியும் யூனிகோட் எண்). நம் சிறுவர்கள் ரகசியமாகப் பேசும் க-பாஷை அப்படியல்ல. அசைக்கு அசை முன்னால் 'க' வரும். 'நான் போறேன்' என்பது 'கநான் கபோகறேன்' ஆகும். புள்ளி எழுத்து முந்தைய எழுத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் 'தமிழ்' எவ்வளவு நீளம் என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது: த, ம, கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'க' வைத்தால் கொக்கியும் புள்ளியும் அந்தக் 'க'வில் மாட்டி, 'கதகமகிகழக்' என்று வரும். வேண்டியது 'கதகமிழ்'. ஆக, அசை பிரிப்பதுதான் முழு வேலையும்.

மார்ச் 5

பிரிப்பதற்கு முன் உரையைச் சுத்தம் செய்ய வேண்டும். 'கொ' என்பதில் உள்ள குறி 3018 என்ற ஒரே குறியெண்ணாகவும் வரும். 3014, 3006 என இரண்டாகவும் வரும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் முறையில் இயல்பாக்கினால் ஒன்றாகிவிடும். 'கௌரி'யை 'ள' போட்டு 'கெளரி' என்று தட்டியிருந்தால் இயல்பாக்கம் உதவாது. அதைச் சொற்பட்டியல் வைத்துத்தான் திருத்த முடியும். எழுத்துகளை இணைக்கவும் பிரிக்கவும் வரும், கண்ணுக்குத் தெரியாத 8204, 8205 என்ற இரு குறியெண்களையும் நீக்கிவிடுங்கள்.

மார்ச் 7

சொல்லைப் பிடிக்க, உரையில் வடிவம் தேடும் ரெகெக்ஸில் 'சொல்லெழுத்து' என்று பொருள்படும் 'சாய்கோடு டபிள்யூ' (\w) வேண்டாம். பைத்தானோடு வரும் தொகுதியில் அது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. சொல் நடுவில் உடையும். எண் வரம்பை நாமே கொடுப்பது நல்லது: உயிர் 2949–2964, அகர உயிர்மெய் 2965–3001, குறிகள் 3006–3020, புள்ளி 3021, ஆய்தம் 2947. மொத்தத் தமிழ் வரம்பையும் (2944–3071) கொடுத்தால் தமிழ் எண்களும் உள்ளே வந்துவிடும்.

அசையின் வடிவம் இது: மெய்யோ ஆய்தமோ எத்தனையும் (இல்லாமலும் இருக்கலாம்), பிறகு ஓர் உயிர் அல்லது உயிர்மெய், பிறகு மீண்டும் மெய்யோ ஆய்தமோ எத்தனையும். 'அம்மா' 'கஅம்கமா' ஆகும். 'அஃது' 'கஅஃகது' ஆகும். முன்பகுதி எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் 'ஸ்ரீ' உடைந்து 'ஸ்கரீ' ஆகிவிடும். இருந்தால் 'கஸ்ரீ', 'கஸ்கூல்', 'கஃபேன்' எல்லாமே வாயில் வருகிறபடியே வரும். க்ஷ-வுக்குத் தனி விதி எழுதத் தேவையில்லை; 'பக்ஷி' 'கபக்கஷி' ஆகும், பேசும்போதும் அப்படித்தான் பிரியும். ஒரு சிறு வடிவம் இத்தனையையும் தாங்குவது இந்த எழுத்துமுறையின் அழகு.

மார்ச் 10

திருப்பி வாசிக்கும் பகுதி. 'க'வை எல்லாம் அழித்தால் 'காகம்' காலி: 'ககாககம்' என்பதில் சொல்லின் சொந்தக் 'க'வும் போய், துணைக்காலும் 'ம்' என்பதும் மட்டும் மிஞ்சும். அதே வடிவத்தால் அசை பிரித்து, 1, 3, 5 என ஒற்றைப்படை அசைகளின் முதல் குறியெண்ணை மட்டும் நீக்குங்கள். அசையையே நீக்கக் கூடாது. 'கஸ்கூல்' திரும்ப வரும்போது 'கஸ்', 'கூல்' என்றுதான் பிரியும். முழு 'கஸ்' போனால் 'கூல்' மட்டுமே நிற்கும். குறியெண்ணை மட்டும் நீக்கினால் 'ஸ்' தங்கி 'ஸ்கூல்' கிடைக்கும். சோதிக்க: காகம், பக்கம், க்ஷணம், ஃபேன், அஃது. ஐந்தும் போய் மாறாமல் திரும்பினால் நிரல் சரி.