ஆர்எக்ஸ் 100 சைடு கவர்: ஸ்டார் ஸ்க்ரூவைக் கழற்றி ஆலன் போல்ட் போடுவது

யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி பழைய பைக்குகளில் இன்ஜின் சைடு கவரைப் பிடித்திருப்பவை எம்6 (6 மி.மீ. தடிமன்) ஸ்டார் ஸ்க்ரூக்கள், அதாவது தலையில் கூட்டல் குறிப் பள்ளம் உள்ளவை. நாலைந்து பட்டறை கைமாறியதும் தலை மொழுக்கென்று ஆகிவிடும். தலை போனால் நஷ்டம் சில ரூபாய்தான். இன்ஜின் கேஸில் இருக்கிற அலுமினிய மரை போனால்தான் கை கடிக்கும்.

தலை கெடுவதற்குப் பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவர்தான் காரணம். வீட்டில் கிடக்கிற 2-ஆம் நம்பர் எம்6 பள்ளத்தில் ஆடும். 3-ஆம் நம்பர் வேண்டும். இது ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர அளவுப் பள்ளம். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுசாக இறங்காது, முறுக்கினால் மேலேறி வழுக்கும்.

ஆயிலை வடித்துவிட்டு, இம்பாக்ட் டிரைவரை (சுத்தியலால் அடித்தால் திரும்புகிற ஸ்க்ரூடிரைவர்) எடுங்கள். சுத்தியல் அடி முனையை உள்ளே அமுக்கிக்கொண்டே திருப்புவதால் வழுக்காது. அடிப்பதற்கு முன் திசையைப் பாருங்கள்; இறுக்குகிற பக்கம் வைத்து அடிப்பவர்கள் நிறைய.

அதற்கும் மசியாவிட்டால் தலையை டிரில் செய்ய வேண்டியதுதான். சென்டர் பஞ்ச் வைத்து, முதலில் 3 மி.மீ., பிறகு 6 மி.மீ. பிட். தலையின் கனம் அளவுக்கு மட்டும் இறக்கினால் போதும், தலை பிட்டோடு சுற்றிக்கொண்டு வந்துவிடும். கவரை எடுத்ததும் மீதித் தண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். இறுக்கம் விட்டுப்போனதால் லாக் பிளையருக்கு அநேகமாகச் சுலபமாக வரும்.

எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளமில்லை. அட்டையில் கவர் வடிவத்தை வரைந்து, கழற்றியதை அதே இடத்தில் குத்தி வையுங்கள். அவற்றுக்குப் பதிலாகப் போடப்போகிற ஆலன் போல்ட்டை (தலையில் அறுகோண ஓட்டை உள்ளது) அதை வைத்தே வாங்குங்கள். நீளத்தைத் தலைக்குக் கீழேயிருந்து அளக்க வேண்டும். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டால் அடியில் முட்டி நின்றுவிடும். கை இறுகியதாகச் சொல்லும், கவர் இறுகியிருக்காது, ஆயில் கசியும். குட்டையைப் போட்டால் இரண்டு மூன்று மரையில் தொங்கி, பிய்த்துக்கொண்டு வரும். அலுமினியத்தில் குறைந்தது 9 மி.மீ. இறங்க வேண்டும்.

போல்ட் 8.8 கிரேடு (வலிமைத் தரம்), ஜிங்க் பூசியது போதும். அதைவிட வலுவான 12.9 போட்டாலும் முதலில் பிய்வது கேஸ் மரைதான். ஸ்டெயின்லெஸ் பளபளப்புக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மழை ஈரத்தில் அலுமினியத்தை அரித்துப் பிடித்துக்கொள்ளும். ஆன்ட்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவுகிற பசை) தடவாமல் போடாதீர்கள்.

கவருக்கு அடியில் புது பேக்கிங் (கேஸ்கட்) வைத்து, எல்லாவற்றையும் முதலில் விரலால் ஓட்டிவிட்டு, எதிரெதிராக இரண்டு சுற்றாக இறுக்குங்கள். 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். ஆன்ட்டி-சீஸ் தடவியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறைவு. முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லையா? 5 மி.மீ. ஆலன் கீயின் நீளக் கையை போல்ட் தலை ஓட்டைக்குள் விட்டு, குட்டைக் கையைப் பிடித்துத் திருப்புங்கள்; அளவு மீறி இறுக்குவது கடினம்.

மரை ஏற்கெனவே போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றி ஏமாற்றாதீர்கள். ஹெலிகாயில்தான் (போன மரைக்குப் பதிலாகச் செருகுகிற கம்பிச் சுருள்): 6.3 மி.மீ. டிரில், கிட்டோடு வருகிற மரை வெட்டும் டேப் (tap), காயில் மேல்மட்டத்துக்கு அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும். மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவினால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். காயிலின் அடிவாலை உடைத்ததும் அந்தத் துண்டைக் கட்டாயம் வெளியே எடுங்கள். கிளட்ச் பக்கம் விழுந்தால் கியர் பல்லில் மாட்டும்.