சாமியாருக்கு எதற்கு அரசியல்?

கத்தோலிக்கச் சாமியார்களைப் பற்றிய இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறவர்கள்தான், அதுதான் வேடிக்கை. தொழிலாளிக்கு நியாயமான கூலியும் சங்கம் வைக்கும் உரிமையும் உண்டு என்று திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் லியோ 1891லேயே திருச்சபைக்குச் சுற்றுமடல் எழுதிவிட்டார்.

எனக்கு உடனே நினைவுக்கு வருவது பிலிப்பைன்ஸ். 1986 பிப்ரவரியில் அந்நாட்டுச் சர்வாதிகாரி மார்க்கோஸ் நடத்திய தேர்தல் மோசடியை ஆயர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள், அப்புறம் மணிலா பேராயர் கர்தினால் சின் கத்தோலிக்க வானொலியில் மக்களைத் தெருவுக்கு வரச் சொன்னார், வந்தார்கள், லட்சக்கணக்கில். டாங்கிகளுக்கு முன்னால் கன்னியாஸ்திரீகள் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னார்கள், பக்கத்தில் நின்றவர்கள் சிப்பாய்களிடம் பூவும் சாப்பாடும் நீட்டினார்கள். டாங்கிகள் திரும்பிப் போயின. நான்கே நாளில் மார்க்கோஸ் ஆட்சியும் போனது.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வதோரில் பேராயர் ரொமேரோ, சொந்த மக்களைக் கொல்லாதீர்கள் என்று சிப்பாய்களிடம் மன்றாடிப் பிரசங்கம் வைத்தார். மறுநாள், 1980 மார்ச் 24, பூசை வைத்துக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2018இல் புனிதர் பட்டமும் கொடுத்தாயிற்று. சரி, இப்போது அவர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.