ஓஃபுனா, ஜப்பான், டிசம்பர்

நவம்பர் 29

அம்மா கண் திறந்து பார்த்தாளாம். ஆளை அடையாளம் தெரிந்ததா என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 1

லீவு பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

டிசம்பர் 2

தூக்கம் இல்லை. ஜப்பானிய சினிமா இயக்குநர் இமாமுரா ஞாபகமாகவே இருக்கிறது. 1953-ல் இயக்குநர் ஓசுவிடம் உதவி இயக்குநர். ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' படத்தின் வேலை நடக்கும்போதே அவருடைய அம்மா மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்துபோனார். காரியம் முடித்துத் திரும்பி வந்தால், ஒலிச்சேர்ப்புக் கூடத்தில் படத்து அம்மா நினைவில்லாமல் கிடக்கிற காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். தாங்க முடியாமல் எழுந்து கழிப்பறைக்குப் போயிருக்கிறார். ஓசு பின்னாலேயே வந்து, ரத்தக்கசிவில் சாகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்களா, சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டாராம். பின்னாளில் இமாமுராவே சொன்னது.

எப்படிக் கேட்க மனசு வந்தது? விடியும்வரை ஆத்திரம் அடங்கவில்லை.

டிசம்பர் 3

ஓசு படமெடுத்த ஸ்டூடியோ இங்கே இருந்த இடத்தைச் சுற்றி நடந்தேன். 1936-ல் திறந்து 2000-ல் மூடினார்கள். இப்போது பெண்கள் பல்கலைக்கழகம். மாணவிகள் சைக்கிளில் சிரித்துக்கொண்டு போனார்கள்.

டிசம்பர் 5

இங்கிருந்து ஒரே ஸ்டேஷன்தான், கிட்டா காமகுரா. எங்காகுஜி கோயிலில் ஓசுவின் கல்லறைக்குப் போனேன். கல்லில் பெயர் கிடையாது. 'மு' என்று ஒரே எழுத்து. இல்லை, இன்மை என்று அர்த்தம். யாரோ சாக்கே மது பாட்டில் வைத்திருந்தார்கள். மூடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. சண்டை போடத்தான் போனேன். வாய் வரவில்லை.

பிள்ளைகள் பெற்றவர்களை விட்டுப் போவதையே படமாக எடுத்த மனிதர், தன் அம்மாவை விட்டுப் போகவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இதே ஊரில் 1952 முதல் அம்மாவோடு இருந்தார். 1962 பிப்ரவரியில் அம்மா போனார். அடுத்த வருஷம் டிசம்பர் 12, சரியாக அறுபதாவது பிறந்தநாள் அன்று, இவரும்.

டிசம்பர் 6

'டோக்கியோ ஸ்டோரி'யில் எல்லோருக்கும் மருமகள் நோரிகோவைத்தான் பிடிக்கிறது. மகன் கெய்சோவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒசாகாவில் ரயில்வே வேலை. அவன் வந்து சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள். கோயிலில் மந்திரம் ஓதும்போது உட்கார முடியாமல் வெளியே வந்துவிடுவான். அந்தச் சத்தத்தில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போவது போல இருக்கிறது என்பான்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியாது.

டிசம்பர் 8

இரண்டு ஸ்பூன் கஞ்சி! இரண்டு!

வீடியோவில் கூப்பிட்ட அண்ணன், போனைக் கட்டிலோரம் சாய்த்து வைத்துவிட்டு மருந்து வாங்கப் போய்விட்டார். பத்து நிமிஷம் அதே காட்சி. போர்வைமேல் அம்மாவின் கை, பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்க், ஃபேன் சத்தம். ஓசுவின் முதல் கலர் படத்தில், 1958-ல், ஒரு சிவப்புக் கெட்டில் அங்கங்கே வந்துகொண்டே இருக்கும். சிவப்பு நன்றாக வரும் என்றுதான் அக்ஃபா ஃபிலிமைத் தேர்ந்தெடுத்தார். அந்த பிளாஸ்க் ஃப்ரேமுக்குள் இருந்தது எனக்குத் தைரியமாக இருந்தது. ஒருமுறை விரல் அசைந்தது. நிச்சயமாக அசைந்தது.

டிசம்பர் 9

அசையவில்லை என்கிறார் அண்ணன்.

டிசம்பர் 10

1983-ல் இமாமுரா, எழுபதை நெருங்கும் அம்மாவை மகன் முதுகில் சுமந்து மலையில் விட்டுவிட்டு வருகிற கதையை எடுத்தார். கான் விழாவில் பெரிய விருது. அந்த மகனாவது கடைசிவரை கூடவே போனான்.

இன்று டாக்டரிடம் போனில் பேசினேன். வலி தெரியுமா, இப்படியேதான் இருப்பார்களா என்று நான் கேட்டது, கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. ஓசு அன்றைக்குக் கேட்டபோது அவர் வீட்டிலும் எழுபதைத் தாண்டிய அம்மா இருந்தார்.

டிசம்பர் 11

லீவு கிடைத்துவிட்டது. நாளைக் காலை இங்கிருந்தே நரிதா விமான நிலையத்துக்கு ரயில்.

'டோக்கியோ ஸ்டோரி'யில் அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்ததும் மகள் ஷிகே துக்க உடையையும் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். நோரிகோவுக்கு அது தோன்றவே தோன்றாது. பெட்டியில் வேட்டியை வைத்தேன். எடுத்தேன். அம்மாவுக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறேன், அதை மேலே வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 12

காலை 5:40. அண்ணன் போனை எடுக்கவில்லை. அங்கே இரண்டு மணிதான், தூங்கிக்கொண்டிருப்பார்.