டிரம்ஸ் சோலோ வந்தால் எழுந்து போகிறவர்கள்

மார்ச் 4

ராக் கச்சேரியில் ஆளுக்கொரு சோலோ, அதாவது ஒருவர் மட்டும் தனியாக வாசிப்பது, தேவையா என்று நண்பனோடு வாட்ஸ்அப்பில் வாக்குவாதம். "பாட்டு கேட்கத்தான் டிக்கெட் வாங்குறேன். ஒருத்தர் பத்து நிமிஷம் டிரம்ஸை உருட்டுறதைக் கேட்க இல்ல" என்கிறான். பாத்ரூம் போய்வர நேரம் கிடைப்பதுதான் சோலோவால் கிடைக்கும் ஒரே லாபமாம். பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரை வேறு சாட்சிக்கு இழுத்தான். ரிங்கோவுக்கு சோலோ என்றாலே ஆகாது, வாஸ்தவம். பீட்டில்ஸ் ஆல்பங்களில் அவர் வாசித்த ஒரே டிரம்ஸ் சோலோ, 1969-இல் வந்த 'ஆபி ரோடு' ஆல்பத்தின் 'தி எண்ட்' பாட்டில் இருக்கிறது. அரை நிமிடம்கூட வராது.

மார்ச் 5

ராத்திரி டீப் பர்பிள் குழுவின் கச்சேரி ஆல்பம் 'மேட் இன் ஜப்பான்' போட்டேன். 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோவில் ஒன்று என வாசித்ததிலிருந்து தொகுத்தது. இரண்டு எல்பி தட்டுகள், மொத்தமே ஏழு பாட்டு! ஸ்டுடியோவில் நாலரை நிமிடம் ஓடிய 'ஸ்பேஸ் ட்ரக்கின்' இங்கே 20 நிமிடத்துக்கு இழுக்கிறது. பாதிக்கு மேல் எனக்கே கை ஃபோனைத் தேடியது.

ஆனால் 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' அப்படியில்லை. ரிச்சி பிளாக்மோர் கிட்டாரில் ஒரு துணுக்கு வாசிக்க, இயான் கில்லன் அதையே தொண்டையில் திருப்பித் தருகிறார். துணுக்குகள் மேலே மேலே ஏறி, கடைசியில் கில்லன் ஒரு நீண்ட அலறலில் போய் நிற்கிறார். அடுத்து பாட்டு மறுபடி வந்து உட்காரும்போது யாருக்குத்தான் எழுந்து போகத் தோன்றும்?

மார்ச் 7

லெட் செப்பலின் குழுவின் 'மோபி டிக்'. முதலில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரு ரிஃப், திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு. அப்புறம் மற்றவர்கள் மேடையை விட்டு இறங்க, ஜான் பானம் தனியாக. நடுவில் குச்சிகளை வைத்துவிட்டு வெறும் கையால் வாசிப்பார். சில இரவுகளில் 20 நிமிடத்தைத் தாண்டும். கடைசியில் அதே ரிஃப், எல்லாரும் உள்ளே.

இது நம் தனி ஆவர்த்தனம்தானே! மிருதங்கக்காரர் தாளத்தை விடாமல் எங்கெங்கோ சுற்றி, கோர்வை வைத்து முடித்ததும் பாடகர் விட்ட வரியை எடுப்பார். நம் சபாக்களிலும் தனி தொடங்கியதும் கேன்டீன் பக்கம் ஒரு கூட்டம் நகர்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு வேடிக்கை. 1973-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் படம்பிடித்து 1976-இல் வெளியான அவர்களுடைய கச்சேரிப் படத்தில், இந்த சோலோவின் நடுவே பானம் ரேஸ் கார் ஓட்டுவதையெல்லாம் காட்டுகிறார்கள். படமெடுத்தவர்களுக்கே பயம் போலிருக்கிறது.

மார்ச் 8

பாடகரின் தொண்டைக்கு ஓய்வு வேண்டும், மற்றவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும். நியாயம்தான். அதற்கு மூன்று நிமிடம் போதாதா?

எனக்கு ஒத்துவராதது இந்த முறைவைத்துக் கொடுக்கும் சோலோதான். கிட்டார் முடிந்ததா, கீபோர்டு. கீபோர்டு முடிந்ததா, டிரம்ஸ். எந்தப் பாட்டிலிருந்து கிளம்பியது, எதில் போய்ச் சேரும் என்பதே இருக்காது. மாட்லி க்ரூவின் டாமி லீ, டிரம்ஸோடு தானும் தலைகீழாகச் சுழன்று வாசிப்பார். பார்க்க அமர்க்களம். என்ன வாசித்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கிட்டார்காரர் எடி வான் ஹேலனின் 'இரப்ஷன்' 1978-இல் தட்டில் ஏறியபோது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மேடைக்காக அவர் வைத்திருந்த சோலோ அது. அது முடிந்த சூட்டிலேயே அடுத்த பாட்டு வந்துவிடும்.

மார்ச் 10

ரஷ் குழுவின் நீல் பியர்ட்டை நண்பனுக்கு அனுப்பினேன். வருடக்கணக்காக நீண்ட டிரம்ஸ் சோலோ வாசித்தவர், 2012-13 சுற்றுப்பயணத்தில் அதை மூன்று துண்டாக்கினார். இரண்டு துண்டுகள் பாட்டுகளுக்கு நடுவிலேயே வரும். ரசிகன் எழுந்திருக்க நினைப்பதற்குள் பாட்டு திரும்பிவிடும்.

"இது ஓகே. பேஸ் கிட்டார் சோலோ மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம்" என்று பதில் வந்தது.

மெட்டாலிகாவின் முதல் ஆல்பத்தில் கிளிஃப் பர்ட்டன் வாசித்த பேஸ் சோலோவை அனுப்பியிருக்கிறேன். நாலு நிமிடத்துக்கு மேல் ஓடும். பாதி வரை டிரம்ஸ்கூடக் கிடையாது. முன்னும் பின்னும் எந்தப் பாட்டோடும் ஒட்டாது, நான் இத்தனை நாள் சொன்னதற்கெல்லாம் எதிர். ஆனால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.