டூரிஸ்ட் விசால வேலைக்குப் போற பசங்க

குடியாத்தத்துல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கறவனுக்கு ஊர்ல யாரு எந்த நாட்டுக்குக் கிளம்பறாங்கன்னு சொந்தக்காரங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். விசா, டிக்கெட், ஆஃபர் லெட்டர் எல்லாம் பிரிண்ட் எடுக்க நம்ம கடைக்குத்தான வரணும். முன்னல்லாம் சவுதி, குவைத்துக்கு டிரைவர் வேலை, வீட்டு வேலைன்னு போவாங்க, இப்ப டிப்ளமோ, பி.இ. முடிச்ச பசங்க தாய்லாந்துன்னு வந்து நிக்கறானுங்க.

போன மாசம் ஒரு பையன் வாட்ஸ்அப்ல வந்த லெட்டரை கலர் பிரிண்ட் போடச் சொன்னான். "டிஜிட்டல் சேல்ஸ் அன்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்", டாலர்ல சம்பளம், சாப்பாடு ரூம் ஃப்ரீ. கம்பெனி அட்ரஸே இல்ல, சீல் மட்டும் கோணலா ஒட்டி வச்சிருக்கு. இன்னா விசாடா தம்பின்னு கேட்டா, "டூரிஸ்ட் தாண்ணா, போனதும் மாத்தித் தந்துடுவாங்களாம்"ங்கறான். இதே மாதிரி வேலையைச் சொல்லியே வெளியுறவுத்துறை 2022 செப்டம்பர்ல எச்சரிக்கை விட்டாங்க. பாங்காக்ல எறக்கி, தாய்லாந்து எல்லையில இருக்கற மே சோட் வழியா ஆத்தைத் தாண்டவச்சு மியான்மர்ல மியாவாடிக்குக் கொண்டு போயி, பாஸ்போர்ட்டைப் புடுங்கிக்கினு, ஆன்லைன்ல ஊரான் காசை ஏமாத்துடான்னு அடிக்கறானுங்க, இதான் அந்த மார்க்கெட்டிங். லைசென்ஸ் நம்பர் கேளுன்னேன், கேட்டிருக்கான், ஏஜென்ட் இவன் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

இதுல பெரிய ஓட்டை ஒண்ணு கீது. பத்தாவது பாஸ் பண்ணாதவன் பாஸ்போர்ட்ல இசிஆர்னு (வெளிநாட்டு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அரசாங்கம் செக் பண்ணணும்னு அர்த்தம்) இருக்கும், சவுதி மலேசியா தாய்லாந்துன்னு 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா அரசாங்கத்துகிட்ட கிளியரன்ஸ் வாங்கணும், அந்த வழியா போனா இன்சூரன்ஸும் உண்டு. டிகிரி முடிச்சவனுக்கு அதெல்லாம் கேக்கறதே இல்ல. படிச்சவன் ஏமாற மாட்டான்னு 1983ல சட்டம் போட்டவங்க நெனச்சாங்க போல (நம்ம ஊர்ல படிச்சவன்தான் சீக்கிரம் ஏமாறான், அது வேற கதை). லைசென்ஸ் இருக்கற ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், இமைக்ரேட்ங்கற அரசாங்க சைட்ல பேரைப் போட்டா லைசென்ஸ் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். இங்க ரெண்டு லட்சம் மூணு லட்சம்னு வட்டிக்கு வாங்கிக் குடுக்கறாங்க.

எனக்கு கோவம் வர்றது இதுக்கப்புறம்தான். பேரணாம்பட்டு பக்கம் ஒருத்தன் எப்படியோ தப்பிச்சு வந்துட்டான், ஆனா கம்ப்ளெயின்ட் குடுக்க வீட்ல ஒத்துக்கல. ஏஜென்ட் அவங்க அக்கா மாமனார் வழியில சொந்தமாம், நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னா மூஞ்சில முழிக்கணுமாம். "இவனே இஷ்டப்பட்டுத்தான போனான்"னு பெரியவங்க பஞ்சாயத்து வேற. ஆள் கடத்தல் கேஸ்ல அந்தப் பேச்சே செல்லாதுங்க, பாதிக்கப்பட்டவன் சம்மதிச்சானாங்கறது கணக்கே இல்லன்னு ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டம் 143வது பிரிவுலயே எழுதியிருக்கு. இவனை மோசடி பண்ணவன் மாதிரி பாக்கறதை முதல்ல விடுங்க.

ஜிபே ரசீது, ஏஜென்டோட வாய்ஸ் நோட் எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன். எஸ்பி ஆபீஸ் மனுவும் டைப் பண்ணியாச்சு, அந்தப் பேரணாம்பட்டுப் பையனோட அப்பா திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்காரு.