ஏர்கோனுக்கு மூளை வைப்பதற்கு முன் மீட்டர் வையுங்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஒரு கொண்டோவின் ஜே.எம்.பி. (கூட்டு நிர்வாகக் குழு) கூட்டத்தில் கரண்ட் பில் பேச்சு வந்தால் போதும், கைப்பேசியில் இயங்கும் ஏர்கோன், ஆள் வந்தால் எரியும் விளக்கு என்று பட்டியல் நீளும். எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்தக் கட்டடத்தில் ராத்திரி மூன்று மணிக்கு எத்தனை கிலோவாட் ஓடுகிறது?

மாத பில் இதைச் சொல்லாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவெடுக்கும் மீட்டர் சொல்லும். இரவு 10 முதல் காலை 7 வரை தேவையில்லாமல் 10 கிலோவாட் ஓடினால் நாளுக்கு 90 யூனிட் (கிலோவாட்-மணி), வருடத்துக்கு 32,850 யூனிட். ஓடுவது பெரும்பாலும் கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன், கார் நிறுத்துமிட ஃபேன், யாரும் இல்லாத லாபியின் ஏர்கோன். தண்ணீரை அழுத்தத்தோடு அனுப்பும் பூஸ்டர் பம்ப் இரவெல்லாம் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றால், பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கும், அல்லது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வோ குழாயோ கசியும். இவற்றுக்கு மூளையுள்ள கருவி தேவையில்லை. ஒரு டைமரும் ஒரு பிளம்பரும் போதும்.

மீட்டர் பொருத்துவதில்தான் முதல் தவறு நடக்கிறது. சுவிட்ச்போர்டுக்குள் கை வைப்பது பதிவுபெற்ற வயர்மேன் அல்லது சார்ஜ்மேனின் வேலை. அதை அவரிடமே விடுங்கள். ஆனால் பொருத்திய பிறகு சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு ஃபேஸ் கேபிளையும், அதில் ஓடும் கரண்டை அளக்கும் ஒரு சி.டி. வளையம் சுற்றியிருக்கும். சிவப்பு ஃபேஸின் வோல்டேஜோடு மஞ்சள் ஃபேஸின் சி.டி. சேர்ந்துவிட்டால் ஆம்பியர் சரியாகவே இருக்கும், கிலோவாட் மட்டும் பொய் சொல்லும். மிகக் குறைவாகவோ மைனஸிலோ வரும். அதனால் ஒவ்வொரு ஃபேஸின் பவர் ஃபேக்டரையும் (ஓடும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதம்) தனித்தனியாகத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஏர்கோனும் விளக்கும் ஓடும் சர்க்யூட்டில் 0.8க்கு மேல் இருப்பது இயல்பு. ஒன்றிரண்டு ஃபேஸில் மட்டும் 0.3 என்றோ மைனஸ் என்றோ வந்தால், கேபிள் மாறியிருக்கிறது அல்லது சி.டி.யின் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது. திறந்து மூடும் வகை சி.டி.யின் வாய் முழுதாகப் பொருந்தாவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். 5 ஆம்பியர் வகை சி.டி.யாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: மெயின் கேபிளில் கரண்ட் ஓடும்போது சி.டி. முனைகளைத் திறந்து விட்டால் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் ஏறும். ஷார்ட்டிங் பிளாக் (சி.டி. முனைகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் கட்டை) இல்லாமல் மீட்டரைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பல மீட்டர்களை ஆர்.எஸ். 485 எனும் ஒரே தகவல் கம்பியில் கோப்பதானால், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று வரிசையாகப் போக வேண்டும், கிளை பிரியக் கூடாது. இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், ஒவ்வொரு மீட்டருக்கும் தனி முகவரி. இது சரியில்லை என்றால் தகவல் வரும், போகும், யாருக்கும் காரணம் புரியாது.

இனி ஏர்கோன். விற்கப்படும் கருவிகளில் பல, அறையின் வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவை. நம் ஊரில் அது பாதி வேலைதான். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு. உள்ளே 24 டிகிரி, 55 விழுக்காடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ வெளிக்காற்றும் கிட்டத்தட்ட 11 கிராம் தண்ணீரைக் கூடுதலாகச் சுமந்து வருகிறது. அந்தக் காற்றைப் பக்குவப்படுத்தச் செலவாகும் குளிர்ச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஈரத்தை இறக்குவதற்கே போகிறது. நொடிக்கு 100 லிட்டர் வெளிக்காற்று என்றால் மணிக்கு நாலரை லிட்டர் தண்ணீர் காயிலில் (ஏர்கோனின் குளிர்ச் சுருளில்) வடிய வேண்டும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் கதவைத் திறந்தே வைத்து ஏர்கோன் ஓட்டும் துணிக்கடைகள் கட்டும் பில்லில் ஒரு பெரிய பங்கு இந்தத் தண்ணீருக்குத்தான். அங்கே முதலில் வாங்க வேண்டியது தானாக மூடும் கதவு.

சிறிய அறைக்கு இரண்டரை ஹெச்.பி. ஏர்கோன் மாட்டினால் என்ன ஆகும்? வெப்பநிலை சட்டென்று இறங்கி கம்ப்ரஸர் நின்றுவிடும். காயிலில் ஈரம் கோத்து வடிவதற்கு நேரமே கிடைக்காது. ஃபேன் மட்டும் தொடர்ந்து ஓடினால், காயிலில் ஒட்டியிருந்த ஈரமும் திரும்ப அறைக்கே வரும். அறை 24 டிகிரிதான்; ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். உட்கார்ந்திருப்பவர் ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் குளிர் போதாமல் இல்லை, ஈரம் தாங்கவில்லை. செயலியில் 24க்குக் கீழே பூட்டுப் போட்டாலும் புகார்தான் வரும்.

ஆகவே கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஈரப்பத சென்சாரும் கட்டாயம் வேண்டும். அதைவிடச் சிறந்தது, வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் சேர்த்துப் பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கணக்கிட்டு, அதற்கு ஓர் உச்சவரம்பு வைப்பது. 24 டிகிரி, 60 விழுக்காடு என்றால் பனிநிலை 16க்குச் சற்றுக் கீழே. அதைத் தாண்டவிடாதீர்கள். பெரிய கட்டடத்தில் சில்லரின் (ஏர்கோனுக்குக் குளிர்நீர் தரும் இயந்திரத்தின்) தண்ணீரை 7 டிகிரியிலிருந்து ஒவ்வொரு டிகிரியாக உயர்த்தினால் சில்லரின் மின்செலவு டிகிரிக்கு இரண்டு மூன்று விழுக்காடு குறையும், உண்மை. ஆனால் அந்த உயர்வைப் பனிநிலை வரம்பு தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த பணம் கூரையில் படரும் பூஞ்சைக்குப் போகும். தனி ஏர்கோனாக இருந்தால் ஃபேனை எப்போதும் 'ஆட்டோ'வில் வையுங்கள்.

சென்சார் வைக்கும் இடமும் முக்கியம். குளிர்காற்று விழும் கிரில்லுக்கு நேர் கீழே, மேற்கு வெயில் அடிக்கும் சுவர், பிரிண்டருக்கு மேலே, மூன்றும் கூடாது.

வெளிக்காற்றை எவ்வளவு உள்ளே விடுவது என்பதைக் கார்பன் டை ஆக்சைடு சென்சார் தீர்மானிக்கலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத்தர நடைமுறைக் கோவை 1,000 பி.பி.எம். என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆள் வரத்து ஏறி இறங்கும் கல்யாண மண்டபம், டியூஷன் மையம் போன்ற இடங்களில் இதற்கு நல்ல பலன் உண்டு. ஒரு சிக்கல் மட்டும்: பல மலிவு சென்சார்கள், சில நாளுக்கு ஒருமுறையாவது அறைக்காற்று வெளிக்காற்றின் அளவுக்கு, சுமார் 420 பி.பி.எம்.முக்கு, இறங்கும் என்று நம்பித் தம்மைத் தாமே திருத்திக்கொள்பவை. 24 மணி நேரமும் ஆள் இருக்கும் காவலர் அறையிலோ மருத்துவமனை வார்டிலோ அது நடக்காது. சென்சார் 600ஐ 420 என்று எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல விலகும், காற்றும் குறையும். அங்கே தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை வெளியே வைத்துத் திருத்துங்கள்.

விளக்குக்கான பி.ஐ.ஆர். சென்சார் உடம்புச் சூட்டுக்கும் பின்புலச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கிறது. மத்தியானம் 34 டிகிரி கொதிக்கும் கார் நிறுத்துமிடத்தில் அந்த வேறுபாடு சுருங்கி, ஆள் நடந்தாலும் விளக்கு எரியாமல் போகலாம். அங்கே மைக்ரோவேவ் வகை நல்லது. மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கத்து நடமாட்டத்தையும் அது பிடிக்கும் என்பதால் உணர்திறனைக் குறைத்து வையுங்கள்.

மேக்ஸிமம் டிமாண்ட் கட்டணம் உள்ள கட்டடங்களில் யூனிட்டைப் போலவே நேரமும் காசு. மாதத்தின் மிக அதிகமான அரைமணி நேரத்தில் ஓடிய யூனிட்டை இரண்டால் பெருக்கினால் அதுதான் அந்த மாத டிமாண்ட். காலை நேரமும் டிமாண்ட் கணக்கில் வரும் கட்டணமாக இருந்தால், ஒரே ஒரு காலையில் எல்லா ஏ.எச்.யு.வையும் (குளிர்காற்றை அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்) சில்லரையும் எட்டு மணிக்கு ஒன்றாகத் தட்டிவிட்டு, அந்த அரைமணியில் 25 யூனிட் கூடினால், மாதம் முழுவதற்கும் 50 கிலோவாட் கூடுதல். இருபது நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக, வெளிக்காற்று வரும் வழியின் தடுப்பான டேம்பரை மூடியபடி தொடங்கி, ஆட்கள் வந்த பிறகு திறக்கும்படி நிரலிடுங்கள். ஃபேன்களுக்கு வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி இருந்தால் வேகத்தை 80 விழுக்காட்டுக்கு இறக்கினாலே கரண்ட் செலவு ஏறத்தாழ பாதியாகும்.

2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், நேரவாரிக் கட்டணத்தின் உச்ச நேரம் வார நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை. ஒரு மணிக்கே அறையைச் சற்றுக் கூடுதலாகக் குளிரவைத்து, இரண்டுக்கு மேல் அரை டிகிரி தளர்த்தலாம். கான்கிரீட் அந்தக் குளிரைக் கொஞ்சம் தாங்கும். புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் இதை இன்னும் துணிவாகச் செய்கிறது: தளக் கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்து, இரவில் குளிர்நீர் ஓட்டிப் பகலுக்குச் சேமிக்கிறது.

8,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடங்களுக்கு, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் பொருந்தும். அந்தக் கட்டடங்கள் சதுர மீட்டருக்கு வருடம் எத்தனை யூனிட் என்ற கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும். மேலே சொன்ன மீட்டர்கள் அதற்கும் உதவும்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், கருவிகளைப் பொருத்திய குத்தகையாளரிடம் நான்கு பொருளைக் கேட்டு வாங்குங்கள்: நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல், அதுவும் கட்டடத்தின் மின்னஞ்சலில், மீட்டர்களின் ரெஜிஸ்டர் பட்டியல் (எந்த அளவு மீட்டரில் எந்த எண்ணில் கிடைக்கும் என்பது), சென்சார் இருக்கும் இடங்களைக் குறித்த வரைபடம், பழைய பதிவுகளை எக்செல்லில் இறக்கிக்கொள்ளும் வழி. குத்தகையாளர் மாறும்போது இவை கையில் இல்லாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கருவியையே கழற்றிப் போட்டுப் புதிதாக வாங்க வேண்டி வரும்.