வேலை இருக்கும் இடத்துக்கு வரும் சாமி

சிலோனிலிருந்து வந்து கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்களிடம் "உங்க குலசாமி கோயில் எந்த ஊர்ல?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பதில் தெரியாது. தாத்தாவுக்குத் தாத்தா புதுக்கோட்டைப் பக்கமிருந்தோ சேலத்திலிருந்தோ தோட்ட வேலைக்குக் கடல் தாண்டிப் போனவர். ஊர்ப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து மறைந்துவிட்டது. 1948-ல் அங்கே எங்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் போட்டார்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்பில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தோம். சொந்த நாட்டுக்குப் போகிறோம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு அது பார்த்தறியாத நாடு.

இங்கே 1968-ல் அரசாங்கம் தேயிலை போடத் தொடங்கியதே எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். பிறகு அதுவே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது.

நான் வளர்ந்தது அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அங்கே மாரியம்மன் கோயில் உண்டு, மாசியில் காமன் கூத்து உண்டு. ஆனால் என் மனசில் ஒட்டிய சாமிகள் வேறு. ஃபேக்டரியில் மெஷின் ஓடும் இடத்தில் ரோதைமுனி இருந்தார். ரோதையில், அதாவது மெஷின் சக்கரத்தில், யார் கையும் சிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. மலையில் கவ்வாத்துச் சாமி.

தேயிலையை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் கவ்வாத்து வெட்டுவார்கள், கிளைகளையெல்லாம் கழித்துவிடுவார்கள். வெட்டி முடித்த மலையைப் பார்த்தால் செத்துப்போனதென்றே தோன்றும், அப்படி மொட்டையாக நிற்கும். அந்த வேலை தொடங்கும் காலையில் அப்பா முதல் செடிக்கு அடியில் புல்லைச் செதுக்கி, மூன்று கல் நட்டு, மஞ்சள் தடவுவார். வெற்றிலை பாக்கு, தேங்காய், கற்பூரம். கவ்வாத்துக் கத்தியைக் கல்லுக்கு முன்னால் படுக்க வைப்பார். மந்திரம் அவருக்குத் தெரியாது. பக்கத்து லயத்து வரிசைவீட்டு மாமாவிடம் பேசுகிற அதே குரலில் பேசுவார்.

"சாமி, ஒன் புள்ளைக மேல கத்தி வைக்கப் போறோம். கோவிச்சுக்காத. எங்க கை காலு பத்திரம். செடியும் திரும்பத் தழைக்கணும்."

பிறகு முதல் வெட்டு. வேலை முடிந்ததும் கற்கள் அங்கேயே கிடக்கும். அம்மா வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சி பொறுக்கப் போகும்போது கால் படாமல் ஒதுங்கிப் போவாள், அவ்வளவுதான். அடுத்த மலைக்கு வேறு மூன்று கல்.

ஊரை விட்டுப் புறப்படும் சமயம், சாமியை எப்படிக் கொண்டுபோவது என்று அம்மா கலங்கினாள். "அவரு வேலைக்காரரு புள்ள. வேலை இருக்கிற எடத்துக்கு வருவாரு" என்றார் அப்பா. கடவுளைப் பற்றி நான் கேட்டதில் இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

வந்த புதிதில் எங்களுக்குச் சிலோன்காரங்க என்பதுதான் பெயர். கடையில் கடன் கிடைக்காது. ரேஷன் கார்டுக்கு நடையாய் நடந்தோம். டிசம்பரில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். அதையெல்லாம் நீட்டிச் சொல்ல விருப்பமில்லை, வந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வியப்பாக இருந்தது இந்த மலைக்காரர்களின் சாமிகள்.

பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு பாட்டி எங்களுக்கு உருளைக்கிழங்கு கொடுப்பார். ஹெத்தை பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் பேரகணிக்குக் கிளம்புவார். ஹெத்தை அவர்களுக்கு மூதாதைப் பெண், பாட்டி முறை. கோத்தகிரியை ஒட்டியிருக்கும் கோத்தர் ஊரில் அய்யனோர், அம்மனோர் என்று தகப்பனும் தாயும். தோடர்களின் கோயிலை ஊட்டியில் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே சிலை கிடையாதாம். எருமைப் பால் கடையும் வீடுதான் அவர்களுக்குக் கோயில், பால் கடைகிறவர்தான் பூசாரி. அப்பா உயிரோடு இருந்தபோது அதை அவருக்குக் காட்டியிருந்தால் "பாத்தியா, இவுங்க சாமியும் வேலைக்காரருதான்" என்றிருப்பார். அன்னிய ஊர் என்ற நினைப்பு எனக்கு விட்டுப்போனது அந்த வாசலில்தான். வேலையிலிருந்து சாமியை எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள் மட்டும் இல்லை.

பிறகு எங்கள் குடியிருப்பில் கோபுரத்தோடு மாரியம்மன் கோயில் எழும்பியது. சபையும் வந்தது. தம்பி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறார்கள். எனக்கு யாரோடும் சண்டை இல்லை. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலைக்குப் போய்ச் சிதறிய பிள்ளைகள் திருவிழாவுக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். அது பெரிய காரியம். ஆனால் "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டால் மட்டும் எனக்குப் பதில் வராது.

கொழுந்துக் காட்டில் ஒரு முறை காட்டெருமை முட்டி எங்களோடு வேலை செய்தவள் இறந்துபோனாள். காலையில் என் நிரைக்கு அடுத்த நிரையில் பேசிக்கொண்டே எடுத்தவள். அன்றைக்கு மனசு கொதித்தது. சாமி எங்கே போனார் என்று கேட்டேன். பூசாரி முன்வினை என்றார். சபைக்காரர் கர்த்தரின் சித்தம் என்றார். இருவரும் நல்லவர்கள், ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். எனக்கு இரண்டும் இறங்கவில்லை, இன்றுவரை இறங்கவில்லை. அந்த மாசம் சம்பள நாளில் கூடுதல் கிலோவுக்கு வந்த காசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய் அவள் மகள் கையில் வைத்தார்கள். இந்துவும் கிறிஸ்தவரும் கலந்த வரிசை அது. யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. எருமையைத் தடுக்க முடியாத ஒருவர்தான் என் சாமி என்று அப்போது ஏற்றுக்கொண்டேன். அவர் எல்லாம் வல்லவராக இருக்க வேண்டும் என்று எனக்கு இல்லை. முட்டுப்பட்ட இடத்துக்கு வந்து கூட நின்றால் போதும், வந்து நின்றார்.

தனியாகக் கொழுந்து எடுக்கும்போது முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளினால் எடை கூடும், யாருக்கும் தெரியாது. நான் கிள்ளியதில்லை. தண்டனைக்குப் பயந்து அல்ல. பக்கத்தில் ஒருவர் அதே வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் ஏமாற்ற எப்படி மனசு வரும்?

போன மாசம் கோயில் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. இப்போது மெஷின் கவ்வாத்து, கல் நடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே கவ்வாத்துச் சாமியைக் கோயில் வளாகத்துக்குள் கொண்டுவந்து, சிமெண்டுப் பீடம் கட்டி டைல்ஸ் ஒட்டி, உபயதாரர் பெயரும் போட்டுவிடலாம் என்றார்கள். பிள்ளைகளுக்குப் பழைய சாமி மறந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான். ஆனாலும் நான் எழுந்து வேண்டாம் என்றேன்.

"பாட்டி, சாமி மழையில நனையுதே" என்றான் ஒரு பையன்.

"நாமளும்தானே தம்பி நனையுறோம்" என்றேன்.

முடிவு எடுக்காமல் கலைந்தார்கள். டைல்ஸுக்கு என்று வசூலித்த பணம் கமிட்டியிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில், அந்தப் பணத்தில் மலையில் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல மழைக்கோட்டு வாங்கிக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன்.